பூஜை போட்ட கை

இந்தியாவுக்கு வந்தால் ஆறு கோயில் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் என் மகள் தேவிகா என்னை விமானத்தில் ஏற்றினாள். நான் பார்த்தது ஒரு தகரக் கூரை ஷெட், ஓர் இரும்புக் கை, அப்புறம் கண் கொள்ளாத அளவுக்கு லாரிகள். கோயில் ஒன்று பார்த்தேன், அதுவும் ஓடுகிற காரிலிருந்து.

அது வந்திறங்கிய அன்று. ஒரகடம் போகும் சாலையில் ஷிப்டு விட்ட நேரம், கம்பெனி பஸ்கள் வாலும் தலையுமாக நின்றுவிட்டன. எங்கள் ஓட்டுநர், "இவனுங்க பின்னாடியே போனா பொங்கலுக்குத்தான் வூடு" என்று காரை ஒரு சின்னச் சாலைக்குள் திருப்பினார். மணிமங்கலம் வந்தது. "ஆயா, அந்தாண்ட பாரு, ராஜா காலத்து கோயிலு. கும்ட்டுக்கோ" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புவதற்குள் கோயில் போய்விட்டது. என் கும்பிடு ஒரு தண்ணீர் லாரிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

தேவிகா மூளை அறுவை மருத்துவர். மலேசியாவில் எங்கள் சுங்கைப் பட்டாணியில் இதைச் சொன்னால் உடனே தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். அவள் அந்த டாக்டர் இல்லை. கழுத்தெலும்பு முறிந்து கைகால் விளங்காமல் போனவர்களுக்கு மூளை கெட்டுப்போவதில்லை, மூளையிலிருந்து கைக்குப் போகிற வழிதான் அறுந்துபோகிறது என்பாள். கையைத் தூக்கு என்று மூளை உள்ளே சொல்லிக்கொண்டேதான் இருக்குமாம். அந்தச் சொல்லை மூளையிலேயே பிடித்து ஓர் இயந்திரக் கைக்குக் கொடுப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

எனக்குப் புரிய வேண்டும் என்று அவள் தோட்டத்துக் கதையை எடுத்தாள். நான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவப் போன காலத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் போய் நிற்போம். வருகைக் கணக்கு எழுதுகிற கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இருட்டில் முகம் தெரியாது. ஆனால் எந்த மூலையிலிருந்து குரல் வருகிறது என்பதை வைத்தே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். "மூளையும் அப்படித்தான்மா. கையைத் தூக்க நினைச்சா ஒரு மூலையிலேருந்து சத்தம் வரும், விரலை மடக்க நினைச்சா வேற மூலை. நான் அந்தக் கிராணி" என்றாள். தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் பெற்ற பெண் கிராணி ஆகிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் எலி, பிறகு குரங்கு, அப்புறம்தான் மனிதர். குரங்கு நினைத்ததும் திரையில் புள்ளி நகர்ந்தது என்று ஒருநாள் போனில் அழுதாள். குரங்குக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நானும் அழுதேன். அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் குறுக்கே ஏதாவது ஒரு குரங்கு வந்தது. ஒருமுறை கம்பி வைத்த தொப்பி ஒன்றை என் தலையிலேயே மாட்டிப் பார்த்தாள். அன்று நான் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தேன். கம்பி ஒட்டவில்லை, திரையில் ஒரு கோடும் அசையவில்லை. "உலகத்துல மூளையே இல்லாம நடமாடுற முதல் ஆள் நீங்கதான்மா" என்றாள். இப்படியே தலைமுடியில் பாதி நரைத்துவிட்டது அவளுக்கு.

நாங்கள் தங்கிய விடுதியில் பாதிப்பேர் கொரியாக்காரர்கள், இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வந்த பொறியாளர்கள். காலையில் பசியாறப் போனால் இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே மிளகாய் பூசிய முட்டைக்கோஸ் இருந்தது. ஊறுகாய் என்று நினைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டேன். எதிரே இருந்த கொரியாக்காரர் கரண்டியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு தேவிகாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். "அவரோட அம்மா இதைப் பார்த்தா முதல்ல உங்களைத் திட்டுவாங்களாம், அப்புறம் அவங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பாங்களாம்" என்று தேவிகா சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டேன். முட்டைக்கோஸ் நன்றாகவே இருந்தது.

அன்று தேவிகாவின் இயந்திரக் கை இருந்த ஷெட்டுக்குப் போனோம். தேவிகா வாசலில் போன் பேசிக்கொண்டு நின்றாள். நான் முன்னால் நடந்தேன். உள்ளே சில பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னா ஆயா, இதான் வர்ற டைமா? லைன்ல நில்லு" என்றார். புது மனிதர்களிடம் எனக்குச் சட்டென்று வாய் வராது. பதிலை யோசித்து எடுப்பதற்குள் எதிராளி போய்விடுவார். அவரும் போய்விட்டார், நான் வரிசையில் நின்றேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். துடைப்பம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற பெண், "புதுசா? எந்த ஊரு ஆயா?" என்றாள்.

"மலேசியா."

அவள் தன் தோழியிடம் திரும்பி, "கேட்டியாடி? பீகார்தான் தூரம்னு நெனச்சிக்கினு இருந்தேன். இந்த காண்ட்ராக்டரு மலேசியாலேர்ந்து ஆள இட்டாந்துகீறான்" என்றாள்.

தேவிகா வந்து பார்த்தபோது நான் வாசற்படியைப் பெருக்கி முடித்திருந்தேன். காண்ட்ராக்டர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். "சுத்தமா பெருக்கறாங்க மேடம், அதான் சந்தேகமே வரல" என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஷெட்டின் முதலாளி சேகர். கார்களுக்கு உதிரி பாகம் செய்பவர், தேவிகாவுக்காக அந்த இரும்புக் கையையும் செய்துகொடுத்தவர். கைக்குச் சொந்தக்காரர் குமரேசன், பிள்ளைப்பாக்கத்துக்காரர். முன்பு ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். பைக்கிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோனது. போன வருடம் சென்னையில் ஒரு மருத்துவமனையில், இங்குள்ள டாக்டர்களோடு சேர்ந்து, தேவிகா அவர் மூளைமேல் நகத்தளவு ஒரு சில்லு வைத்தாள். தலையில் ஒரு தொப்பியை மாட்டினால் அந்தச் சில்லு பேசுவது தொப்பிக்குக் கேட்கும், தொப்பி கணினிக்குச் சொல்லும், கணினி கைக்குச் சொல்லும்.

குமரேசனின் மனைவி மலர் போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பக்கத்து வீட்டில் ஓர் அக்கா எட்டிப் பார்ப்பார். ஆனால் தண்ணீர் கொடுங்கள் என்று அவரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கக் குமரேசனுக்குக் கூச்சம். அதனால் மலர் போன பிறகு அவர் வாயில் தண்ணீர் படுவதே இல்லை. கூச்சம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவரைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

"கையி வூட்டுக்கு வந்துச்சின்னா போதும் பெரியம்மா. அரிசி மூட்டையா தூக்கப் போறேன், ஒரு டம்ளர் தண்ணி" என்றார்.

கை வீட்டுக்கு வருமா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். தேவிகாவின் ஆராய்ச்சிக்கு உதவி செய்கிற வெளிநாட்டு அமைப்பிலிருந்து மறுநாள் வருகிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்துச் சரி என்றால் கை பிள்ளைப்பாக்கம் போகும். இல்லையென்றால் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

அன்று ஒத்திகை நன்றாகவே நடந்தது. ஒரே தொல்லை, பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பற்றவைக்கும்போதெல்லாம் கணினிக்குக் குழப்பம் வந்து கை சலாம் வைத்தது. "இன்னாடா இது, எவன் வந்தாலும் வணக்கம் போடுது, எலக்சன்ல நிக்கப் போவுதா" என்றார் குமரேசன். தேவிகா கவலைப்படவில்லை. மறுநாளை அவள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தாள். ஆயுத பூஜை, எந்த ஷெட்டிலும் வெல்டிங் இருக்காது, மூளை பேசுவது சுத்தமாகக் கேட்கும். எப்பேர்ப்பட்ட யோசனை என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் நாங்கள் போனபோது வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தது. உள்ளே ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. நடுவே இரும்புக் கை. அதற்கு மட்டும் ரோஜா மாலை, விரல் விரலாகப் பொட்டு. குமரேசனின் தொப்பிக்கும் ஒரு பொட்டு, தொப்பிக்குக் கீழே அவர் நெற்றியில் ஒன்று. தேவிகாவின் கணினியையும் விடவில்லை. வந்த இருவருக்கும் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். ஒருவர் நெட்டையான வெள்ளைக்காரர், இன்னொருவர் கண்ணாடி போட்ட சீன அம்மாள். வெள்ளைக்காரர் பொரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார், முடிகிற வழியாக இல்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் தேவிகா.

யாரும் நகரவில்லை. சேகர் தொண்டையைச் செருமினார். "மேடம், பூஜ போட்டாச்சே. இனிமே நாளைக்கு காலைலதான் தொடணும்."

"இதுக்கும் பூஜை போடச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் குமரேசன். "எல்லா மெஷினுக்கும் போட்டுட்டு நம்ம கைய மட்டும் வுட்டா அதுக்கு இன்னா மரியாத?"

தேவிகா குனிந்து மெதுவாகப் பேசினாள். "குமரேசன், இது மெஷின் இல்ல. உங்க கைன்னு நினைச்சுக்குங்கன்னு எத்தனை மாசமா சொல்றேன். கைக்கு யாராவது பூஜை போடுவாங்களா?"

"மெஷின்னாலும் பொட்டு வச்சது வச்சதுதான். கையின்னாலும் வச்சது வச்சதுதான் மேடம்."

"அந்த ஃபேனுக்குக்கூடத்தான் பொட்டு வச்சிருக்கு. அது ஓடுதே?"

இதற்குச் சேகர் பதில் வைத்திருந்தார். "ஃபேன் வேல செய்யல மேடம், காத்துதான் குடுக்குது."

"சரி. நீங்க எதையும் தொட வேணாம். நினைச்சா மட்டும் போதும்" என்றாள் தேவிகா.

குமரேசன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எனக்கு நெனக்கிறதுதானே மேடம் வேல."

தேவிகாவின் இத்தனை வருட ஆராய்ச்சியையும் அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், ஆனால் சொன்ன இடம்தான் சரியில்லை.

"அப்ப இன்னிக்குப் பூரா எதையும் நினைக்க மாட்டீங்களா?"

"கை சமாச்சாரமா நெனக்க மாட்டேன். சோறு, கிரிக்கெட்டு, மலரு, இதெல்லாம் நெனக்கலாம்."

மலருக்கு அன்று விடுமுறை, அதனால் கூட வந்திருந்தாள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "யோவ், உனக்காகத்தானேய்யா இவங்கோ கடல் தாண்டி வந்துகீறாங்கோ. நான் வேலைக்குப் போயிட்டா சாமியா வந்து உனக்குத் தண்ணி குடுக்கும்?"

"நீ இன்னிக்கி அருவாமனைய தொட்டியா? சொல்லு."

மலர் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம், "பீன்ஸ கையாலயே ஒடச்சேன். அது வேற" என்றாள்.

"இன்னா வேற?"

இதையெல்லாம் அந்த இருவருக்கும் எப்படி மொழிபெயர்த்தாளோ, தேவிகாவின் காதுமடல் சிவந்துபோனது. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து குமரேசனின் மூக்கில் உட்கார்ந்தது. எல்லாரும் இரும்புக் கையைப் பார்த்தோம். முந்தின நாள் ஒத்திகையில் அது நெற்றியில் விழுந்த முடியையே ஒதுக்கிவிட்டிருக்கிறது. ஈ மூக்கிலிருந்து கன்னத்துக்கு வந்தது, கன்னத்திலிருந்து திரும்ப மூக்குக்குப் போனது. குமரேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை மாலையோடு அசையாமல் கிடந்தது. "மலரு, ஈ" என்றார். மலர் முந்தானையால் விரட்டினாள். வெள்ளைக்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.

தேவிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "அம்மா, நேத்து அவர் நினைச்சதெல்லாம் கணினியில பதிவாகி இருக்கு. ஒரு பொத்தானை அழுத்தினா அதை வச்சே கை எழுந்திடும். இவங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றாள். அவள் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

இந்தக் கையும் கணினியும் எனக்குத் தெரிந்த விஷயமா? என்னிடம் இருந்த சுண்டல் தொன்னையை அவள் பக்கம் நீட்டினேன். அவள் சிறிது நேரம் அதையே பார்த்தாள். பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த விரலால் சுண்டலை எடுத்து வாயில் போட்டாள். ஒவ்வொரு கடலையாக மென்று தின்றாள். பிறகு கணினியை மூடிவிட்டு எழுந்து அந்த இருவரிடமும் போனாள். என்ன பேசினாள் என்று பிறகு காரில் சொன்னாள்: "இது அவர் நினைச்சா மட்டும் அசையற கை. இன்னிக்கு அவர் நினைக்க மாட்டார். நாளைக்குக் காலையில நினைப்பார். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வெள்ளைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். அன்று ராத்திரி அவர்களுக்கு விமானம். சீன அம்மாள் எழுந்து குமரேசன் முன்னால் போய் நின்று ஒரு கேள்வி கேட்டார். முடியவில்லையா, மாட்டேன் என்கிறீர்களா என்று கேட்கிறார் என்றாள் தேவிகா.

"முடியும். மாட்டேன்" என்றார் குமரேசன். "நாளைக்கு மொத வேலயே இதான். நல்ல நாளு."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "நாங்கள் போன இடத்திலெல்லாம் சொன்ன உடனே ஆடுகிற கைகளைத்தான் காட்டினார்கள், மாட்டேன் என்கிற கையை இங்கேதான் பார்க்கிறேன்" என்றாராம். பெரிய பதவியில் இருப்பவர் அவர்தான் போலிருக்கிறது. அவர் மறுநாள்வரை இருக்கிறேன் என்றதும் வெள்ளைக்காரரும் முனகிக்கொண்டே இருந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கும் போகப் பிடிக்காமல் தேவிகா விடுதி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நாளைக்கும் ஆடலைன்னா நான் திரும்ப எலிக்குப் போக வேண்டியதுதான்" என்றாள். கோயில் பேச்சை நான் எடுக்கவில்லை.

விஜயதசமி காலை மலர் ஷெட்டுக்கு வரவில்லை. லைனில் அன்று ஓவர்டைம், வராவிட்டால் சூப்பர்வைசர் ஒரு மாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். என்ன நடந்தாலும் சாயங்காலம்தான் அவளுக்குத் தெரியும்.

சேகர் கைக்குக் கற்பூரம் காட்டி மாலையை எடுத்தார். தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தார்கள். ஷெட்டில் ஈ பறந்தால் கேட்கும். குமரேசன் தொப்பியோடு டம்ளரைப் பார்த்தார். கை மெதுவாக எழுந்தது, டம்ளரைப் பிடித்தது, பாதி வழி வந்து நின்றுவிட்டது. கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரின் காலணிக்குள் அவ்வளவு தண்ணீரையும் ஊற்றியது.

"சாரி சார்" என்றார் குமரேசன். "நேத்து பூரா நெனக்காம இருந்ததுல கொஞ்சம் டச்சு வுட்டுப்போச்சி."

இரண்டாவது டம்ளர். கை எழுந்தது, பிடித்தது, வந்தது. விரல்களில் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. டம்ளரின் விளிம்பு உதட்டில் பட்டது. அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். காலியான டம்ளரை மேசையில் வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். அது முடிந்ததும் மற்றொன்று. எல்லாரும் கை தட்டினார்கள். "இருங்க சார், இன்னும் முடியல" என்று நாலாவதையும் எடுத்தார். அதற்கு மேல் சேகர்தான் பயந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டார், "போதும்டா, வண்டில போக வேணாமா?" என்று. வெள்ளைக்காரர் ஈரக் காலோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி அம்மாள் தேவிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினார். கை பிள்ளைப்பாக்கம் போகலாம் என்று அர்த்தம். தேவிகா என்னிடம் வந்து தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் சின்னப் பிள்ளையில்கூட அப்படிச் செய்ததில்லை.

சாயங்காலம் பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கையை எந்தப் பக்கம் பொருத்துவது என்று தேவிகாவும் சேகரும் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். மலரிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, தானே சொல்ல வேண்டும் என்று குமரேசன் எங்களுக்குக் கட்டளை போட்டிருந்தார். காலையில் குடித்தது போதாதென்று வழியில் டீயும் இளநீரும் வேறு. வயிறு நிரம்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. மலர் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. எங்களைப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். பையைக்கூட இறக்காமல் நேரே குடத்துக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு வந்து, ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, வாயருகில் பிடித்தாள்.

வேண்டாம் என்று சொல்லி விஷயத்தை உடைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். குமரேசன் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து மடக்கு மடக்காகக் குடிக்க ஆரம்பித்தார்.

"இன்னாச்சுன்னு சொல்லேன்யா" என்றாள் மலர்.

அவர் டம்ளருக்குள்ளிருந்தே சொன்னார். "இரு, முழுங்கிக்கறேன்."